போட்டாச்சு

“ஏனுங்ணா, டீச்சரம்மாவுக்குப் போட்டாச்சுங்களா?” என்று நடையின் அந்தக் கோடியிலிருந்து ஆயா மாராத்தாள் கேட்டாள். தரையை அப்போதுதான் துடைத்திருந்தாள். ஈரத்தில் நடந்தால் அவளேதான் மறுபடி துடைக்க வேண்டும், அதனால் கையில் சப்பாத்தித் தட்டோடு பன்னிரண்டாம் அறை வாசலிலேயே நின்று குரல் கொடுத்தாள். பொன்னுரங்கம் திரும்பாமலே “போட்டாச்சு” என்றார். ஒரு சொல்லில் முடிகிற காரியத்துக்கு இரண்டாவது சொல் எதற்கு. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஐந்தாம் அறையைத் தாண்டினார். ஒரு சக்கரம் கீச்சென்றது. எண்ணெய் போட வேண்டும். நாளைக்குப் போடலாம். போடலாம், போட வேண்டும், போட்டாச்சு. நின்றார். எதைப் போட்டாச்சு? டீச்சருக்கு ஊசி போட்டேனா? போட்டேன், போட்டதால்தானே போட்டாச்சு என்று வாயில் வந்தது. இல்லை, அவள் கேட்டாள், அதனால் வந்தது. கேட்டால் வருகிற பதில் அது, தும்மினால் கண் மூடுகிற மாதிரி. பன்னிரண்டாம் அறை பிரேமகுமாரி டீச்சர். சர்க்கரை வியாதி. தினம் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின். போடுவது அவர் வேலை. இந்த முதியோர் இல்லத்தில் காலையிலிருந்து மதியம் வரை அரை நாள் நர்ஸ் அவர். சிறுவாணி போகிற சாலையில், தென்னந்தோப்பை அழித்துக் கட்டிய இல்லம். அதற்கு முன்னால் ஆயுசெல்லாம் ஒரு மில் ஆஸ்பத்திரியில் இதே வேலை. நர்ஸ் பெண் என்றால் சிஸ்டர், ஆண் என்றால் பிரதர். தலை முழுக்க நரைத்து, இங்கே படுத்திருக்கும் சில பேரைவிட மூத்தவராகிவிட்ட பிறகும் பிரதர், பிரதர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இன்றுவரை அவர் கையில் ஒரு மருந்து மாறியதில்லை. மாறியதில்லை என்பது எப்படித் தெரியும்? மாறியது மறந்து போயிருந்தால் மாறியதில்லை என்றுதானே இருக்கும். சே, என்ன நினைப்பு இது. நகரு.

நகரவில்லை. கையைப் பார்த்தார். கை ஒன்றும் சொல்லவில்லை. டீச்சரின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. பிசைந்து வைத்த மாவு மாதிரித் தளர்ந்த, வெதுவெதுப்பான தோல். “ஐஸ் கம்பெனியிலயா வேலை பாக்கறே? கையைத் தேய்ச்சுட்டு வாடா” என்று டீச்சர் வைதார். அவர் கையைத் தேய்த்துக்கொண்டார். பிறகு ஊசி. மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டு எடுத்தார். எல்லாம் இருக்கிறது. இன்றைக்கா, நேற்றா, அதுதான் இல்லை. இன்றைக்கும் குளிர், நேற்றும் குளிர். மார்கழியில் எந்தக் காலையும் இன்னொரு காலையைப் போலத்தான். டீச்சர் என்ன உடுத்தியிருந்தார்? பழுப்பு ஸ்வெட்டர். தினமும் அதே ஸ்வெட்டர்தான், துவைக்கப் பிடுங்கினால் அடிக்க வருவார். ஊசி போட்ட தடயத்தைப் பார்க்கலாமா? இந்தக் காலத்து ஊசி மயிரிழை, கொசு கடித்தாலாவது தடிக்கும். வண்டியின் அடித்தட்டில் பழைய ஊசிகளைப் போடும் டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். பாதி நிறைந்திருந்தது. எல்லா ஊசியும் ஒரே முகம். இன்சுலின் பேனாவை எடுத்துப் பார்த்தார். பூஜ்யத்தில் நின்றது. திருகி அளவு வைத்து அழுத்தினால் தானே பூஜ்யத்துக்குப் போய்விடுகிற சாமான். போட்டாலும் பூஜ்யம், போடாவிட்டாலும் பூஜ்யம். அந்தக் காலத்துக் கண்ணாடி சிரிஞ்ச் என்றால் கொதிக்க வைத்த சூடாவது இருக்கும், ஈரமாவது இருக்கும். இது துப்புரவாக வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, ஒன்றும் தின்னாத பிள்ளை மாதிரி.

மருந்து ரிஜிஸ்டரில் கையெழுத்து இருக்குமே என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது. எல்லா அறைக்கும் இருக்கிறது. வந்ததும் முதல் வேலையாக ஒரே மூச்சில் எல்லாக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வண்டியைத் தொடுவார். மில் ஆஸ்பத்திரிப் பழக்கம். சங்கு ஊதியதும் ஷிப்ட் மாறும், கும்பலாக வந்து விழுவார்கள், மருந்து முக்கியமா பேனா முக்கியமா, அதனால் பேனா முதலில். கையெழுத்தும் போட்டாச்சு. பார், அதற்கும் அதே சொல். இந்தச் சொல்லை எவன் கண்டுபிடித்தான்? லைட்டைப் போட்டாச்சு, ஃபேனைப் போட்டாச்சு, மோட்டார் போட்டாச்சு, டீ போட்டாச்சு, சட்டை போட்டாச்சு, கணக்குப் போட்டாச்சு, தாழ்ப்பாள் போட்டாச்சு. எதைக் கேட்டாலும் இதைச் சொன்னால் கேட்டவன் போய்விடுவான். மற்றவர்களைப் போகச் சொல்லத்தான் இந்தச் சொல்லை இத்தனை வருடமும் வைத்திருந்தார் போலிருக்கிறது. லோகநாயகிக்கும் இதேதான். தினம் டீ நேரத்துக்கு வீட்டிலிருந்து போன் செய்வாள். “என்னங்க, மாத்திரை போட்டாச்சுங்களா?” அவருடைய ரத்தக் கொதிப்பு மாத்திரை. “போட்டாச்சு” என்று வைத்துவிடுவார். போட்டிருப்பார், போட்டிருக்க மாட்டார், அதையெல்லாம் யார் பார்த்தது. சரி, அது கிடக்கட்டும். இப்போது டீச்சர். ஜின்சி! காலையில் கேட்டில் ஜின்சியிடம் கேட்டோமே. இரவு ஷிப்ட் நர்ஸ், பாலக்காட்டுப் பெண். அவள் தோளில் பையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினாள், அவர் உள்ளே வந்தார். “போட்டாச்சா?” என்று கேட்டார். “போட்டாச்சு சாரே” என்றாள், பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே. என்னத்தைக் கேட்டோம்? மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போட்டாச்சா என்று தினம் கேட்பார், போடாவிட்டால் குளியலறையில் தண்ணீர் வராது. மோட்டாரைத்தான் கேட்டிருப்போம். அவளும் அதற்குத்தான் சொல்லியிருப்பாள். ஊசியை அவள் ஏன் போடப் போகிறாள்? ஆனால் போட்டிருந்தால்? அவளும் போட்டு, நானும் போட்டிருந்தால்? போனை எடுத்து ஜின்சியை அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

பன்னிரண்டாம் அறையில் டீச்சர் இல்லை. பின்பக்க பால்கனியில் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் காலித் தட்டு. கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கை அலகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. தட்டு காலியாக இருந்ததைப் பார்த்ததும் பொன்னுரங்கத்துக்கு மூச்சு வந்தது. சாப்பிட்டாயிற்று. இரண்டு ஊசி போயிருந்தாலும் உள்ளே சப்பாத்தி இருக்கிறது, தாங்கும். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீச்சர் கார்ப்பரேஷன் பள்ளியில் டிரில் வாத்தியாராக இருந்தவர். கழுத்தில் இன்னும் விசில் தொங்கும். விடிகாலையில் ஊதி மற்ற அறைக்காரர்களை எழுப்பிவிடுகிறார் என்று மேனேஜர் உள்ளே இருந்த உருண்டையை எடுத்துவிட்டார். இப்போது ஊதினால் வெறும் காற்று. டீச்சருக்கு அது தெரியாது, அல்லது தெரிந்தும் ஊதுகிறார். அவரைப் பார்த்ததும் ஒரு ஊது ஊதினார். புஸ்ஸென்றது. “எட்டாம் வகுப்பு பி செக்ஷன்தானே நீ? லேட்டு.” “ஆமாங்க டீச்சர்.” “கிரவுண்டைச் சுத்தி ஓடு.” “ஓடறேன். விரலைக் குடுங்க.” “எதுக்கு?” “சும்மா.” “சும்மாவா? சும்மா குத்துவியா? உங்கப்பனைக் கூட்டிட்டு வா” என்று சொல்லிக்கொண்டே விரலை நீட்டினார். பொன்னுரங்கம் நுனியில் குத்தி ஒரு துளி எடுத்து மெஷினில் வைத்தார். நூற்று நாற்பது. முறைத்துப் பார்த்தார். இந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? ஊசியே போடாவிட்டாலும் இப்படி இருக்கலாம். ஒரு தடவை போட்டிருந்தாலும் இருக்கலாம். இரண்டு தடவை போட்டிருந்தால் இனிமேல்தான் இறங்கும். மெஷினும் போட்டாச்சு என்றுதான் சொல்கிறது, எதைக் கேட்டாலும். “டீச்சர், காலையில ஊசி போட்டாங்களா?” “போட்டாச்சு.” “யாரு? நானா, அந்தச் சிஸ்டரா?” “ரெண்டு பேரும் வெளியே போயி முட்டிக்கால் போடுங்க.” டீச்சருக்கு ஊசி என்றாலே பயம். போடாத நாளிலும் போட்டாச்சு என்றுதான் சொல்வார். இந்தச் சாட்சியை வைத்துக்கொண்டு ஒரு கோர்ட்டுக்கும் போக முடியாது.

சந்தேகம் வந்தால் மறுபடி போடாதே, உட்கார்ந்து பார். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்த மில் டாக்டர் சொன்னது. இன்னொன்றும் சொன்னார், உட்காருவதற்கு முன்னால் எனக்குச் சொல் என்று. அதுதான் இடித்தது. இல்லத்துக்கு வருகிற டாக்டர் மைதிலியின் நம்பர் போனில் இருந்தது. எடுத்தார். பெயரின் மேல் கட்டைவிரலை வைத்தார். அழுத்தவில்லை. என்னவென்று சொல்வது? டாக்டர், ஊசி போட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. அது ஒரு வாக்கியமா? அதைச் சொன்ன பிறகு யார் நர்ஸ், யார் நோயாளி? சொன்ன மறுநாள் அந்த மேனேஜர் பையன் நாற்காலி போட்டு உட்கார வைத்து, “அங்கிள், நீங்க ரெஸ்ட் எடுங்க” என்பான். பிரதர் போய் அங்கிள் ஆகிவிடுவார். அதற்குப் பிறகு பன்னிரண்டாம் அறைக்குப் பக்கத்து அறை. அண்ணனுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. தறிப் பட்டறை வைத்திருந்த மனுஷன், முப்பது தறியின் சத்தத்தில் எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொல்வார். ஒரு நாள் தன் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். திறப்பதா மூடுவதா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். பொன்னுரங்கம் மட்டும் சிரிக்கவில்லை, அவருக்குக் கோபம் வந்தது. என்ன கோபம் அது? யார் மேல்? இப்போதுதான் தெரிகிறது, அது கோபமே இல்லை. போன வாரம் தயிர் வாங்கிக்கொண்டு போனார். லோகநாயகி கதவைத் திறந்து பையைப் பார்த்து, “மறுக்காவுமா?” என்றாள். குளிர்பெட்டியில் ஏற்கெனவே ஒரு பாக்கெட் இருந்தது, சாயங்காலம் அவரே வாங்கி வந்ததாம். “ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா மோர்க் குழம்பு வைக்கலாமுன்னு வாங்கினேன்” என்றார். அவள் மோர்க் குழம்பு வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். தயிர் இரண்டு தடவை வாங்கினால் மோர்க் குழம்பு. ஊசி இரண்டு தடவை போட்டால்?

வெயில் ஏறியது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறாரா? தூக்கமா, மயக்கமா? சுகர் இறங்கினாலும் தூக்கம் மாதிரித்தான் இருக்கும். இல்லை, தினமும் இந்த நேரத்துக்குத் தூங்குவார். தினமும் தூங்குவாரா? நேற்றுத் தூங்கினாரா? நேற்று என்று ஒன்று இருந்ததா? எல்லா நாளும் ஒரே சாப்பாட்டுத் தட்டு, ஒரே ஸ்வெட்டர், ஒரே வயிறு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி, நடுவில் ஒன்றை உருவிப் பார்க்கவே முடிவதில்லை. மில்லில் அப்படி இல்லை. மில்லில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முகம் இருந்தது. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில் விரலைக் கொடுத்த தங்கராசு, பஞ்சுத் தூசியில் இருமி இருமி நீலம் பாரித்த மூக்கையன், பிரசவ வலியோடு கேட்டிலேயே உட்கார்ந்துவிட்ட நூல் சுற்றுகிற பெண். அவர்கள் பெயர்கூட இருக்கிறது, எந்தக் கை, எத்தனை தையல் என்றுகூட இருக்கிறது. இன்றைக்குக் காலை மட்டும் இல்லை. பழசு இருந்து புதுசு போனால் அதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியும். நர்ஸ் அல்லவா. இல்லை, அப்படியெல்லாம் இல்லை. சரியாகத் தூங்கவில்லை, அவ்வளவுதான். பாலம் கட்டுகிறேன் என்று ரோட்டைத் தோண்டிவிட்டார்கள். பஸ் சுற்றிப் போகிறது. சீக்கிரம் எழுந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்து போய் ஏற வேண்டியிருக்கிறது. அந்த அலைச்சல். யாருக்கும் மறக்கும். இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம். ஒன்றும் ஆகாவிட்டால் ஒன்றும் இல்லை. ஒன்றும் ஆகாமல் போனால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. டீச்சர் அந்தச் சப்பாத்தியை முழுசாகத் தின்றிருக்கிறார், தட்டு காலி. தட்டு காலி, தட்டு காலி என்று மனதுக்குள் பிடித்துக்கொண்டார், ஓடுகிற பஸ்ஸின் கம்பியைப் பிடிக்கிற மாதிரி.

டீச்சர் கண்ணைத் திறந்தார். விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. வைத்தபடியே இருந்தார். உதட்டிலிருந்து அது நழுவி மார்பில் விழுந்தது. “டீச்சர்?” மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்வை. மார்கழியில் வியர்வை. பொன்னுரங்கம் கையைத் தொட்டார். சில்லென்று ஈரமாக இருந்தது, இப்போது டீச்சரின் கைதான் ஐஸ் கம்பெனி. “டீச்சர், நான் யாரு?” டீச்சர் ஏதோ சொன்னார். வார்த்தை உருவாகவில்லை, கன்னம் உள்ளே போய் வெறும் ஈறு தெரிந்தது. ஈறு. பல் எங்கே? கட்டிய பல் செட் எங்கே? மறுபடி விரலைக் குத்தினார். மெஷின் ஐம்பதைக் காட்டியது. “மாரா!” என்று கத்தினார். அந்த இல்லத்தில் அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. பையில் எப்போதும் வைத்திருக்கும் குளுக்கோஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தார், விரலில் எடுத்து டீச்சரின் கன்னத்தின் உட்பக்கம் தடவினார். இன்னொரு விரல். “முழுங்குங்க. முழுங்குங்க டீச்சர். முழுங்குடீ” என்றார், ஏன் அப்படி வந்தது என்று தெரியவில்லை. டீச்சர் விழுங்கினார். மாராத்தாள் ஓடி வந்தாள். “சர்க்கரைத் தண்ணி கொண்டா. ஓடு. சப்பாத்தி சாப்பிட்டாங்கதானே? நீ பார்த்தியா?” மாராத்தாள் தட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். “அய்யோ, கீழ கிடக்குதுங்ணா. காக்காய்க்குப் போட்டுருச்சு.” “பல்லு?” “என்னங்ணா?” “பல்லு எங்கே, பல்லு இல்லாம எப்படிச் சப்பாத்தியை மெல்லும்?” மாராத்தாள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். “அதைத்தானுங்க கேட்டேன். பல்லுப் போட்டாச்சுங்களான்னு. நீங்கதான் போட்டாச்சுன்னீங்க.”

அவள் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவர ஓடினாள். பல்லா? பல்லைக் கேட்டாளா? தினமும் காலையில் டீச்சருக்குப் பல் செட்டைப் போட்டுவிடுவது அவர்தான். மற்றவர்கள் போட்டால் விரலைக் கடித்துவிடுவார். தினமும் பல்லுப் போட்டாச்சா என்றுதான் மாராத்தாள் கேட்பாள். ஒரு நாளும் ஊசியைப் பற்றிக் கேட்டதில்லை, ஊசியில் அவளுக்கு என்ன வேலை. அப்படியானால் இந்தக் குழப்பமே இல்லாத இடத்தில் நான் குழம்பினேனா? இல்லை, ஐம்பது. ஐம்பது குழப்பமில்லை. சாப்பிடாமல் ஒரு ஊசி போட்டாலும் இறங்கும், இவ்வளவு இறங்குமா? இரண்டு ஊசி என்றால் இது ஆரம்பம். டம்ளர் வந்தது. டீச்சரின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு வாய் வாயாகப் புகட்டினார். பாதி ஸ்வெட்டரில் வழிந்தது. அப்போது பையில் போன் அதிர்ந்தது. ஜின்சி. “சாரே, பஸ்ஸில உறங்கிப் போயி. எந்தா?” “பன்னெண்டு. டீச்சர். காலையில ஊசி நீ போட்டியா?” “போட்டு சாரே.” அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “நேத்து நீங்கதானே சொல்லி? பாலம் வேலை, பஸ் சுத்திப் போகுது, நான் வர லேட்டாகும், டீச்சருக்கு நீயே போட்டுடுன்னு. கேட்டில நீங்க கேட்டப்பவும் சொன்னேனே, போட்டாச்சுன்னு.” “நான் சொன்னேனா?” “சொல்லி சாரே.” கொஞ்சம் தயங்கினாள். “ரெண்டு பிராவசியம் சொல்லி. ரெண்டு தடவை. நான் சிரிச்சேன், ஓர்மையில்லையா?” அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே டீச்சரின் வாயைத் துடைத்தார். சொன்னேனா. ரெண்டு தடவை. அவள் சிரித்தாள். தேடிப் பார்த்தார். நேற்றுக் காலை, கேட்டில் அவளிடம் சாவியை வாங்கியது, உள்ளே வந்து குடையை மாட்டியது. அங்கே அந்தப் பேச்சு இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் துடைத்த தரை மாதிரி ஈரமாக, மொழுமொழுவென்று இருந்தது. கால் வைத்தால் வழுக்கும்.

டீச்சருக்குக் கண்ணில் ஒளி கொஞ்சம் திரும்பியது. பொன்னுரங்கத்தின் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகினார். “பெல் அடிச்சாச்சா?” “இல்லீங்க டீச்சர்.” இப்போது நிறுத்திக்கொள்ளலாம். அந்த நினைப்பு அமைதியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. டீச்சர் பேசுகிறார். இன்னும் ஒரு டம்ளர், ஒரு வாழைப்பழம், கஞ்சி. டாக்டருக்குப் போன் செய்து, டீச்சர் காலையில் சாப்பிடவில்லை, காக்காய்க்குப் போட்டுவிட்டார், சுகர் இறங்கியது, கொடுத்துவிட்டேன், தேறிவிட்டார் என்று சொல்லலாம். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. மாராத்தாளுக்கு ஊசி விஷயம் தெரியாது. ஜின்சி உறங்கப் போவாள். ஆனால் அந்த இரண்டாவது ஊசி, போட்டிருந்தால், போட்டேனோ என்னவோ, உள்ளே இருக்கிறது. சாயங்காலம் வரை வேலை செய்யும். அவர் மதியம் வீட்டுக்குப் போய்விடுவார். டீச்சர் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார், தூங்குகிறார் என்று மாராத்தாள் போர்வையை இழுத்து விடுவாள். “பொத்தானை விடுங்க டீச்சர்.” டீச்சர் விடவில்லை. அவர் ஒரு கையால் டாக்டரை அழைத்தார். “சொல்லுங்க பிரதர்” என்றார் டாக்டர் மைதிலி. சொன்னார். சப்பாத்தி, ஐம்பது, குளுக்கோஸ். “இன்சுலின் எப்பவும் போல ஒரு டோஸ்தானே?” அங்கே நின்றது. வாய் தானாகத் திறந்தது. “நைட் சிஸ்டர் போட்டிருக்கா டாக்டர். நானும் போட்டிருக்கலாம்.” “போட்டிருக்கலாமா? போட்டீங்களா, இல்லையா?” “தெரியல.” “என்ன பிரதர், தெரியலன்னா?” “தெரியலம்மா” என்றார். டாக்டரை அவர் அம்மா என்று கூப்பிட்டதே இல்லை. “போட்டது ஞாபகம் இருக்கு. இன்னைக்கா நேத்தான்னு தெரியல. போட்டதா வெச்சுக்குங்க.” டாக்டர் குரல் மாறியது, வேகமாக, சுருக்கமாக. வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், டிரிப் போட வேண்டும், இன்றைக்கு முழுக்க பார்க்க வேண்டும், நான் அங்கே நிற்கிறேன். வைக்கும் முன் மட்டும், “நல்ல வேளை சொன்னீங்க” என்றார். அதை அவர் சரியாகக் கேட்கவில்லை.

டீச்சரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளினார்கள். மாராத்தாள் கூடப் போகிறாள். கிண்ணத்தில் தண்ணீருக்குள் கிடந்த பல் செட்டை எடுத்துத் துடைத்து, அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். “சாப்பிடக் குடுக்கறப்பப் போட்டு விடறேனுங்ணா. கடிச்சாக் கடிச்சுட்டுப் போகட்டும்.” வேன் கதவைச் சாத்தும்போது டீச்சர் அவரைப் பார்த்து விசிலை ஊதினார். புஸ்ஸென்றது. “ஓடினியா?” “ஓடினேன் டீச்சர்.” “எத்தனை ரவுண்டு?” கதவு சாத்திக்கொண்டது. வேன் தோண்டிப் போட்ட ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போனது. பொன்னுரங்கம் நடைக்குத் திரும்பினார். மருந்து வண்டி ஐந்தாம் அறைக்குப் பக்கத்தில் விட்ட இடத்திலேயே நின்றது. ஆறாம் அறைக்காரருக்கு மாத்திரை கொடுத்தேனா? ஆறு வரை முடிந்ததா, ஐந்து வரையா? தட்டில் எண்ணிப் பார்த்தால் தெரியும். எண்ணத் தொடங்கினார், கையை எடுத்தார். மருந்து அலமாரிச் சாவியை இடுப்பிலிருந்து கழற்றினார். கழற்றி வண்டியின் மேல் வைத்தார். சிறிய சாவி, அதற்கு ஏன் இந்தக் கனம். பக்கத்தில் ஸ்டூல் இல்லை. தரையிலேயே, காய்ந்த தரையில், சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்தார். ஆறாம் அறைக்காரர் கதவைத் திறந்து, “என்ன பிரதர், கீழ உட்கார்ந்துட்டீங்க?” என்றார். அவர் கையை அசைத்தார், போங்க என்பது போல, இல்லை, இருங்க என்பது போல. எதுவென்று ஆறாம் அறைக்காரருக்குப் புரியவில்லை. கதவைத் திறந்தபடி நின்றார்.

போன் அடித்தது. லோகநாயகி. பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, தேங்காய் அரைக்கிறாள். “என்னங்க, மாத்திரை போட்டாச்சுங்களா?” போ என்பது வரைக்கும் உதடு குவிந்துவிட்டது. நிறுத்தினார். இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவர் நடுவில் நிறுத்தியதில்லை. மிக்ஸி ஓடியது. “என்னங்க?” “தெரியல” என்றார். “என்னது?” “தெரியலைங்கறேன். போட்டனா இல்லியான்னு தெரியல.” மிக்ஸி நின்றது. அவ்வளவு தூரத்தில், வீட்டுச் சமையலறையில், ஒரு கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அவள் கேள்வி கேட்பாள் என்று காத்திருந்தார். கேட்கவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை, தயிரைப் பற்றிக் கேட்கவில்லை. “அங்கயே இருங்க” என்றாள். “எங்கயும் எந்திரிச்சுப் போயிராதீங்க. நான் வாரேன்.” வைக்கப் போனாள். “லோகு,” என்றார். “ம்?” “பஸ் நம்ம ஸ்டாப்புல நிக்காது. பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் ஏறு.” அது ஞாபகம் இருந்தது. இன்னொரு தடவை சொன்னார்.